வெளிச்சம் தங்காத விளிம்பு

கேரளத்தின் உடும்பஞ்சோலை வட்டாரத்தில் ஏலத்துக்கு அடுத்தபடியாகக் குடும்பங்களைத் தாங்குவது மிளகு. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் அந்த மிளகுக்கு ஒரு கண்டம் வரும். நேற்று வரை பச்சையாக நின்ற கொடியின் அடித்தண்டு கறுக்கும், இலை தொங்கும், சில நாளில் கொடியே பட்டுப்போகும். வாடல் நோய் என்று சொல்லப்படுகிற இதைச் செய்வது ஃபைட்டாப்தோரா என்ற மண் நுண்ணுயிரி. அதற்கு மசியாத செடி ஒன்று உண்டு: தென்னமெரிக்காவிலிருந்து வந்த பிரேசில் திப்பிலி. மிளகுக்குத் தூரத்து உறவு. ஈரத்திலேயே நின்றாலும் வேர் அழுகாது. அதனால் திப்பிலி நாற்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, மிளகுக் கொடியின் துண்டை ஆப்பு வடிவில் சீவி உள்ளே செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகக் கட்டுகிறார்கள். வேர் திப்பிலியுடையது; மேலே ஏறுவது கரிமுண்டா, பன்னியூர் போன்ற மிளகு ரகம்.

இந்த ஒட்டுக்கு ஒரு மடக்குக்கத்தி போதும். ஆனால் அதன் வாய் எப்படி இருக்கிறது என்பதில்தான் ஒட்டுப் பிடிப்பதும் பிடிக்காததும் பாதி அடங்கியிருக்கிறது. இரண்டு தண்டுகளிலும் தோலுக்குச் சற்று உள்ளே, பிரிந்து பெருகக்கூடிய செல்களின் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. இந்த அடுக்கும் அந்த அடுக்கும் நேராகத் தொட்டுக்கொண்டால்தான் இரண்டும் ஒரே செடியாகும். ஒரு செல்லின் அகலம் பொதுவாக 20 முதல் 50 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மழுங்கிய கத்தியின் விளிம்பும் கிட்டத்தட்ட அதே அகலம்தான். அப்படிப்பட்ட விளிம்பு செல்லைப் பிளக்காது, நசுக்கித் தள்ளும். நசுங்கிய செல்கள் பழுப்பேறிச் சாகும். சேர வேண்டிய இரண்டு உயிருக்கும் நடுவே அந்தச் செத்த அடுக்கு சுவராக நின்றுவிடும். விளிம்பு அரை மைக்ரானாக இருந்தால் கதையே வேறு. ஒவ்வொரு செல்லும் அந்த விளிம்பைவிட நாற்பது, நூறு மடங்கு அகலம். வெட்டு, செல் சுவரைத் துண்டித்துவிட்டு நகர்ந்துவிடும். சீவிய பரப்பு ஈரமாகப் பளபளக்கும்.

என்னை வியக்க வைப்பது இதுதான்: அந்த அரை மைக்ரான் விளிம்பை எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல், சமையலறைத் திண்டில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு யாரும் செய்துவிடலாம். வீட்டில் மனிதர் வெறும் கையால் செய்யும் பொருள்களில் இதைவிட நுண்ணியது வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் குறுக்களவு ஏறக்குறைய அரை மைக்ரான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான். அதாவது நன்றாகத் தீட்டிய கத்தியின் விளிம்பு ஒளியின் அலையைவிடப் பெரிதல்ல. சாதாரண உருப்பெருக்கி அதைக் காட்டாது; எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும்.

அதனாலேயே, விளிம்பு தேறிவிட்டதா என்று பார்க்கக் கண்ணுக்கு ஒரு குறுக்கு வழி கிடைக்கிறது. கத்தியின் வாய் மேலே இருக்கும்படி பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். மழுங்கிய இடத்தில் ஒரு பரப்பு இருக்கிறது. பரப்பு இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். நூல் பிடித்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கூரான இடத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்பப் பரப்பே இல்லை. இரண்டு பக்கச் சரிவுகள் தெரியும், அவை சேரும் இடத்தில் ஒன்றுமே தெரியாது. கோடு ஓடி நடுவில் ஓரிடத்தில் புள்ளியாக மின்னினால், அங்கே கல்லோ எலும்போ பட்டு வாய் ஒடிந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதைச் சின்னக் கணக்கு சொல்லிவிடும். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள தண்டின் மேல் ஒரு கிலோ எடைக்குச் சமமாகக் கையை அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு 50 மைக்ரான் அகலம் என்றால், தண்டின் மேல் விழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு. விளிம்பு அரை மைக்ரான் என்றால் அதே கை, அதே ஒரு கிலோ, ஆனால் அழுத்தம் 20,000 மடங்கு. இது தொடும் கணத்துக்கான கணக்கு. விளிம்பு உள்ளே போனபின் சரிவுகளின் உரசலும் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் முதல் நார் அறுவது அந்தக் கணத்தில்தான். கத்தியை அழுத்துவதோடு இழுக்கவும் செய்தால் தேவைப்படும் விசை இன்னும் குறைகிறது. இதை இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆட்கின்ஸ் குழு 2004-இல் கணக்கிட்டும் அளந்தும் காட்டியது. தக்காளியை இழுத்து நறுக்குகிற எல்லாக் கைகளுக்கும் இது முன்பே தெரியும்.

சரி, எஃகால் இந்த மெல்லிசைத் தாங்க முடியுமா? எல்லா எஃகாலும் முடியாது. கத்தி எஃகு என்பது இரும்பும் கொஞ்சம் கார்பனும். பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று எண்ணெயிலோ நீரிலோ முக்கும்போது, கார்பன் அணுக்கள் வெளியேற வழியில்லாமல் இரும்பின் படிகத்துக்குள் சிக்கிக்கொள்கின்றன. அந்த நெருக்கடிதான் கடினம். அதை அப்படியே விட்டால் கண்ணாடிபோல் உடையும் என்பதால் 200 டிகிரிக்குச் சற்று மேலே மறுபடி இளஞ்சூடு காட்டிப் பதம் ஏற்றுகிறார்கள். இதற்குள் ஆங்காங்கே கார்பைடு துகள்கள் பதிந்திருக்கும். எஃகைவிடக் கடினமானவை. மலிவான துருப்பிடிக்காத எஃகில் இந்தத் துகள்கள் சில மைக்ரான், சிலவற்றில் அதைவிடவும் பெரியவை. விளிம்பே அரை மைக்ரான் என்னும்போது அதற்குள் ஐந்து மைக்ரான் துகளுக்கு எங்கே இடம்? பிடிமானம் இல்லாமல் அது பெயர்ந்து விழும், விளிம்பில் பல் விழும். கடைகளில் பளபளக்கும் பல மடக்குக்கத்திகளைவிட, லாரியின் ஸ்பிரிங் பட்டையைக் கொல்லர் அடித்துத் தந்த கறுத்த கத்தி நல்ல வாய் பிடிப்பதற்கு ஒரு காரணம் இதுதான். அந்தப் பட்டையில் கார்பன் அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. பெரிய கார்பைடு கிடையாது.

எஃகு என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டைத் தொடாமல் போக முடியாது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல், பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூர் போன்ற இடங்களில் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. சேலம் பக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டு வரை நடந்த முறையை ஆங்கிலேயர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்: இரும்புத் துண்டுகளோடு காய்ந்த ஆவாரங்குச்சியைப் போட்டு, எருக்கிலையால் மூடி, களிமண் மூசையின் வாயை அடைத்து உலையில் வைப்பார்கள். குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் ஏறும். கார்பன் ஏற ஏற உருகுநிலை இறங்கும். ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம் வரை கார்பன் கொண்ட எஃகுக் கட்டி கிடைக்கும். இப்படிப்பட்ட இந்திய எஃகுக் கட்டிகள் பம்பாயிலிருந்து லண்டனின் ராயல் சொசைட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அதை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795-இல் கட்டுரை படித்தார். அந்த எஃகின் ஒரு துண்டை ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்திக் கைவினைஞர் பேனாக்கத்தியாக அடித்துப் பார்த்தார். ஸ்டோடார்ட் பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து அதே எஃகின் ரகசியத்தைத் தேடி உலோகக் கலவைகள் செய்தார். மின்சார மோட்டாருக்கு வழிகாட்டிய ஃபாரடேயின் தொடக்ககால ஆராய்ச்சிகளில் ஒன்று நம் பக்கத்து எஃகு!

இரண்டு நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளர், ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரோடு சேர்ந்து டமாஸ்கஸ் வாள்களைத் திரும்பச் செய்ய முயன்றார். அந்த வாள்கள் இந்திய எஃகால் அடிக்கப்பட்டவை. தாதுவில் மிகச் சிறிய அளவில் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே கார்பைடுகளை வரிவரியாக ஒழுங்குபடுத்தி அந்த நீரோட்ட அழகைத் தந்தன என்று 1998-இல் அவர்கள் எழுதினார்கள். அதே வெர்ஹோவன் 2004-இல் வேறொரு காரியம் செய்தார். கத்திகளைப் பலவிதக் கற்களில் தீட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் விளிம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தார். சவர பிளேடின் விளிம்பையும் ஒப்பிட்டுக்கொள்ளப் படமெடுத்தார். சன்னமான கல்லில் தீட்டி, கடைசியில் குரோமியம் ஆக்சைடு பூசிய தோல் வாரில் இழுத்த கத்தி, பிளேடுக்குச் சமமாக நின்றது. சவரக்கடைக்காரர்கள் கையறிந்து செய்துவந்த வேலைக்கு முதன்முதலாகத் தெளிவான முகம் கிடைத்ததாக அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இனி கல். உடும்பஞ்சோலை இருக்கும் ஏலமலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட்டும் நைஸும். எஸ்டேட் லயத்துக் குழாயடியில் அந்தப் பாறையில் ஒரு துண்டு கிடக்கும். வேலைக்குப் போகிறவர்கள் விடியலில் தண்ணீர் தெளித்துக் கவாத்துக் கத்தியை அதில் நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டுக் கிளம்புவார்கள். கல்லின் நடுப்பகுதி குழிந்து, ஈரத்தில் கறுத்து வழுவழுவென்றிருக்கும். அதில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. கத்தி எஃகு அதற்கு ஓரளவு கீழே. எனவே கல் எஃகைத் தின்னும். ஆனால் பாறையின் மணிகள் மில்லிமீட்டர் கணக்கில் பெரியவை. அவை கத்தியில் ஆழமாகக் கீறி, விளிம்பை நுண்ணிய ரம்பமாக்குகின்றன. காய்ந்த ஏல இலையையும் தட்டையையும் கழிப்பதற்கு அந்த ரம்பப் பல் நல்லதே. நார் அதில் மாட்டி அறும். அந்தக் கத்தியை ஒட்டுக்கட்டக் கொண்டுபோனால்தான் தவறு.

சன்னமான விளிம்புக்குச் சன்னமான துகள் வேண்டும். கடையில் விற்கும் கறுப்புக் கல் பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு. 1891-இல் எட்வர்டு அச்சசன் என்ற அமெரிக்கர் செயற்கை வைரம் செய்யப் பார்த்து, கிடைத்த பொருள். மணலும் பெட்ரோலியக் கோக்கும் 2,000 டிகிரிக்கு மேல் மின்சார உலையில் வெந்து பிறக்கிறது. கடினம் 9-க்கும் மேல். சென்னையில் 1954-இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் இதைக் கேரளத்தின் கொரட்டியில் செய்கிறது. உலைகளுக்கு மின்சாரம் எக்கச்சக்கமாக வேண்டும் என்பதால், பத்தனம்திட்டா மாவட்டத்து மணியாறில் 12 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்றையே அந்த நிறுவனம் கட்டியது. மேற்குத்தொடர்ச்சி மலையில் பெய்த மழைக்கும் நம் கையிலிருக்கும் சாணைக்கல்லுக்கும் இப்படி ஒரு தொடர்பு.

ஜப்பானிய அளவீட்டில் 1000 எண் போட்ட கல்லின் துகள் சுமார் 12 மைக்ரான், 6000 எண் கல்லில் சுமார் 2 மைக்ரான். இந்த இரண்டும் இருந்தால் வீட்டுக்குப் போதும். இரண்டாவது கல் கிடைக்காவிட்டால் ஊறுகாய் ஜாடியையோ பீங்கான் கோப்பையையோ கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு படாமல் சொரசொரப்பாக ஒரு வளையம் இருக்கும். சுட்ட பீங்கான் எஃகைவிடக் கடினம். மணிகள் மிகப் பொடி. அந்த வளையம் நல்ல தீட்டுக்கல்.

தீட்டுவதில் கைக்குக் கடினமானது கோணம். மடக்குக்கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை சரியாக இருக்கும். இரண்டு சென்டிமீட்டர் அகலக் கத்தியைக் கல்லில் படுக்கவைத்து, முதுகை மட்டும் 5 மில்லிமீட்டர் தூக்கினால் கிட்டத்தட்ட 15 பாகை வந்துவிடும். மூன்று பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கினால் அந்த உயரம். நாணயத்தை வைத்துக்கொண்டே தீட்ட வேண்டியதில்லை. கை அந்த உயரத்தைப் பழகும் வரை அவ்வப்போது வைத்து ஒத்துப்பார்க்கலாம். விளிம்போரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்தால், கல் எங்கே படுகிறது என்று மையே சொல்லும். மை முதுகுப்பக்கம் அழிந்து விளிம்பில் மிச்சமிருந்தால் கத்தியை இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். கல் குழிந்திருந்தால் எவ்வளவு நிதானமான கையும் உதவாது. குழியின் வளைவே கோணத்தைக் கெடுத்துவிடும். சமமான சிமென்ட் தரையில் மணலும் தண்ணீரும் போட்டுக் கல்லைத் தேய்த்து மட்டமாக்கிக்கொள்வது முதல் வேலை.

கூர் என்பது கத்தியில் புதிதாகச் சேர்வதில்லை. இரண்டு சரிவுகளையும், அவை ஒன்றையொன்று சந்திக்கும் வரை தேய்த்துக் கழிக்கிறோம். சந்தித்த கோடே கூர். சந்தித்ததை எப்படி அறிவது? ஒரு பக்கத்தையே தீட்டிக்கொண்டிருங்கள். விளிம்பு போதிய அளவு மெலிந்ததும், அதற்குமேல் கல்லை எதிர்க்கத் திராணியில்லாமல் எஃகு மறுபக்கமாக மடங்கும். விரல் நுனியை முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே போகும்படி லேசாக இழுத்தால் அந்தப் பிசிறு நெருடும். விளிம்பின் ஓரத்தில் இழுக்கவே கூடாது, விரல் போய்விடும். அடியிலிருந்து நுனி வரை ஓரிடம் விடாமல் பிசிறு நெருடினால் அந்தப் பக்கம் முடிந்தது, கத்தியைத் திருப்பலாம். பலர் இந்த நெருடல் வரும்முன்பே பொறுமை இழந்து பக்கம் மாற்றிவிடுகிறார்கள். எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை என்பவர்களில் பெரும்பாலானோரின் குறை இந்த ஒன்றுதான்.

பிசிறு பெரிய ஏமாற்றுக்காரனும்கூட. இரண்டு பக்கமும் தீட்டி முடித்ததும் அது நிமிர்ந்து நிற்கலாம். அப்போது கத்தி காகிதத்தை அற்புதமாக அறுக்கும், கை முடியை மழிக்கும். அறுப்பது விளிம்பல்ல, பிசிறு. பிய்ந்தும் கசங்கியும் வலுவிழந்த எஃகு அது. முதல் மூங்கில் குச்சியிலேயே சரிந்துவிடும். அதைக் கழிக்க, 6000 எண் கல்லில் பக்கம் மாற்றி மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசி இழுப்புகளில் கத்தியின் சொந்த எடை மட்டும் கல்லில் பட்டால் போதும். பிறகு வார். பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஒட்டி, பாலிஷ் பட்டறையில் பயன்படும் பச்சைக் கட்டியை அதில் தேய்த்துக்கொள்ளலாம். அந்தப் பச்சைதான் குரோமியம் ஆக்சைடு, துகள் அரை மைக்ரான் அளவு. வாரில் எப்போதும் முதுகு முன்னே போக, விளிம்பு பின்னே வர வேண்டும். தோல் மெத்தென்றிருப்பதால் அழுத்தினால் விளிம்பைச் சுற்றிக்கொண்டு அதை உருட்டிவிடும். இங்கேயும் லேசான கைதான்.

சுழலும் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முடியுமே என்று கேட்கலாம். முடியும். ஆனால் விளிம்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம் சூடேறும். சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே சதை இல்லை. எஃகு 230 டிகிரியை ஒட்டி வைக்கோல் நிறமாகும், 300-இல் நீலமாகும். விளிம்பில் நீலம் தெரிந்துவிட்டால் பதம் இறங்கிவிட்டது. கல்லில் தேய்த்து அந்த நீலப் பகுதி முழுவதையும் கழித்தாலொழிய வாய் நிற்காது. கண்ணுக்கு நிறம் தெரியாமலே நுனி விளிம்பு மட்டும் கெட்டுப்போவதும் உண்டு. நாற்றுக்கு நாற்று நோய் பரவாமலிருக்கச் சிலர் கத்தியை லைட்டரில் காட்டுவதும் இதே காரணத்தால் கூடாது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் கிருமியும் சாகும், பதமும் இருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு வந்த விளிம்பு எதனால் போகிறது? கல்லில் பட்டால் போகும், அது தெரிந்ததே. முடியில் பட்டாலும் போகும் என்பது ஆச்சரியம். எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் சவர பிளேடு சில நாளில் மழுங்குகிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் ரோஷியோலி, தசான் ஆகியோரின் குழு, எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் படம்பிடித்து இதற்கு விடை கண்டது; 2020-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. பிளேடு தேய்ந்துபோகவில்லை, சிம்பு சிம்பாகப் பெயர்ந்தது. முடி வளைந்துகொடுத்துப் பிளேடு சாய்வாகப் படும்போது, அந்த இடத்தில் எஃகின் உள்ளமைப்பும் சீரற்றதாக இருந்துவிட்டால், விசை அங்கே குவிந்து விளிம்பு விண்டுவிடுகிறது. எஃகு முழுக்க ஒரே சீராக இருந்தால் இது குறையும் என்பது அவர்கள் முடிவு.

ஏலமலையில் இதற்கு மேலும் இரண்டு எதிரிகள். ஏலச்செடி, இஞ்சி, வாழை, புல் எல்லாமே மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தம் திசுக்களில் நுண்ணிய மணிகளாகச் சேர்த்துவைக்கின்றன. பூச்சியின் பல்லைத் தேய்க்கிற அந்த மணிகள் கத்தியின் வாயையும் தேய்க்கின்றன. மழையில் தெறித்து இலையில் ஒட்டிய மண்ணில் குவார்ட்ஸ் வேறு. இன்னொன்று மூடுபனி. ஆறு மாதம் ஈரம் காயாத ஊரில், கத்தியின் மற்ற பகுதியில் துரு வெறும் கறை. விளிம்பிலோ ஒரு மைக்ரான் துரு என்றால் இருந்த விளிம்பு முழுவதும் போயிற்று. வெட்டாமலே வைத்த கத்தி மழுங்கிக் கிடப்பது இதனால்தான். செடியின் சாறு பட்ட கத்தியை அப்படியே மடக்கிப் பையில் போட்டால் ஓர் இரவே போதும்.

ஆகவே வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, வாரில் பத்துப் பதினைந்து இழுப்பு. பிறகு தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. இப்படிச் செய்தால் கல்லின் பக்கம் வெகுநாள் போக வேண்டியிருக்காது. வாருக்கும் மசியாமல் ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைக் கோடு தெரிகிற அன்றைக்கு 1000 எண் கல்லை நனைத்துக்கொள்ளலாம்.